பினாங்கில் மெயின்டனன்ஸ் வேலைக்குப் போக நினைக்கிறீர்களா? ரெஸ்யூமே எழுதும் முன் இதைப் படியுங்கள்

ஃபேக்டரி வேலை என்றால் நம் வீடுகளில் லைனில் நிற்கும் ஆப்பரேட்டரைத்தான் நினைப்பார்கள். கொஞ்சம் மேலே போனால் டிகிரி வாங்கிய இன்ஜினியர். நடுவில் இருக்கும் ஆளைப் பற்றிப் பேச்சே வராது. மெஷின் நின்றுபோனால் சூப்பர்வைசர் முதலில் கூப்பிடுவது அந்த நடு ஆளைத்தான்: மெக்கானிக், பிட்டர், மெயின்டனன்ஸ் டெக்னீசியன். கன்வேயர், பம்ப், கியர்பாக்ஸ், கம்ப்ரசர், பேக்கிங் மெஷின் என்று ஓடுகிற எதையும் நிறுவுவது, நேர்படுத்துவது, பழுது பார்ப்பது, பழுதாகாமல் காப்பது அவர் வேலை. எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த பிள்ளைகளுக்கும், ஆப்பரேட்டராகச் சில வருஷம் ஓட்டிவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில், வேலை இருக்கிறதா?

இருக்கிறது. ஏன் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரம் 1972-இல் தொடங்கியது. இன்டெல், ஏ.எம்.டி., போஷ், ஹியூலட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி என்று முதலில் வந்த எட்டு கம்பெனிகளை இன்றைக்கும் ‘எட்டு சாமுராய்’ என்பார்கள். தீவில் இடம் நெருக்கடியாக நெருக்கடியாக, வேலை கரை தாண்டி செபராங் பிறைக்கு வந்தது. மாக் மண்டின், பிறை, புக்கிட் மின்யாக் நிறைந்து, இப்போது கிரேன் அதிகம் தெரிவது பத்து காவானில். பெரும்பாலும் தோட்டமாக இருந்த அந்த நிலத்தில் இன்றைக்கு மைக்ரான், லாம் ரிசர்ச், பாஸ்டன் சயன்டிபிக், விட்ராக்ஸ் எல்லாம் நிற்கின்றன. 2014-இல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு அங்கே வேகம் கூடிவிட்டது. எல்லையைத் தாண்டினால் கெடாவில் கூலிம் ஹைடெக் பார்க். இன்ஃபினியான் தன் புதிய கட்டடத்தை 2024-இல் திறந்தது அங்கேதான். பிறையிலிருந்தும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் தினமும் போய்வருகிற தூரம்தான்.

அதே 2024 மே மாதம் அரசாங்கம் தேசிய செமிகண்டக்டர் திட்டத்தை அறிவித்தபோது, 60,000 இன்ஜினியர்களை உருவாக்கப் போகிறோம் என்ற செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. இன்ஜினியர் வரட்டும், நல்லது. அவர் வரைந்ததைத் தரையில் போல்ட் போட்டு நிறுத்தவும், ராத்திரி மூன்று மணிக்கு ஓட வைக்கவும் டெக்னீசியன் வேண்டும் என்பதை யாரும் அறிவிக்கத் தேவையில்லை.

இந்த ஊர் மூத்தவர்களைக் கேட்டால் 1985, 2001, 2008 என்று ஆள்குறைப்பு வந்த வருஷங்களை வரிசையாகச் சொல்வார்கள். எலக்ட்ரானிக்ஸ் தொழிலுக்கு ஏற்றமும் இறக்கமும் சகஜம். ஆர்டர் குறைந்தால் முதல் அடி லைனுக்கு. மெயின்டனன்ஸ் ஆளையும் எடுப்பார்கள், எடுக்கவே மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அவருக்கு வேறு கதவு திறந்திருக்கும். சிப் கம்பெனியில் பம்ப் கழற்றிப் பூட்டியவருக்குச் சீனி ஆலையிலும் அதே பம்ப்தான். ஆப்பரேட்டரின் அனுபவம் அந்த ஒரு மெஷினோடு பல நேரம் நின்றுவிடும். ரோபோ வந்து வேலையைத் தின்றுவிடும் என்ற பயத்துக்கும் இதே பதில்தான்: ரோபோவுக்கும் பெல்ட் தேயும், கிரீஸ் காயும்.

எந்த ஃபேக்டரியில் தொடங்குவது?

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பினாங்கில் மெயின்டனன்ஸ் வேலை இரண்டு வகை. ஒன்று ‘சுத்தமான’ பக்கம்: செமிகண்டக்டர், ஹார்ட் டிஸ்க், மருத்துவக் கருவி. குளிரூட்டிய கிளீன் ரூம், தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, பளபளக்கும் மெஷின், நல்ல கேன்டீன், கம்பெனி பஸ். இன்னொன்று ‘கரி படிகிற’ பக்கம்: பிறையில் எஃகு ஆலை, சீனி ஆலை, மாவு ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு. நிபோங் திபால் பக்கமும் கெடாவிலும் செம்பனை ஆலைகள். அப்புறம் பேப்பர் பெட்டி, பிளாஸ்டிக், கோழித் தீவனம். இங்கே சூடு, தூசி, சத்தம், எண்ணெய் எல்லாம் உண்டு. வீட்டுக்கு வந்தால் சட்டையைத் தனியாக ஊறவைக்க வேண்டும்.

எல்லோரும் முதல் வகைக்கே அடித்துப்பிடித்து மனுப் போடுகிறார்கள். அம்மாக்களுக்கும் அதுதான் பிடிக்கும். தவறில்லை. ஆனால் பெரிய கிளீன் ரூமில் புதிதாகச் சேருபவருக்கு ஒரே மாடல் மெஷின் நாற்பதைக் கொடுத்து, எழுதி வைத்த பி.எம். (பழுதாகும் முன்பே செய்யும் பராமரிப்பு) பட்டியல்படி துடை, அள, மாற்று, கையெழுத்துப் போடு என்பார்கள். உள்ளே ஏதாவது கெட்டால் வெண்டர், அதாவது மெஷினை விற்ற கம்பெனியின் இன்ஜினியர் வருவார். நீங்கள் பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பீர்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த மெஷினின் திரையைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவீர்கள், ஆனால் ஒரு ஷாஃப்டை நேர்படுத்தத் தெரியாது.

கரி படிகிற பக்கம் அப்படி விடாது. அங்கே மெஷின் பழசு, ஸ்பேர் சில சமயம் கிடைக்காது, வெண்டர் எப்போதோ கடையை மூடியிருப்பார். கியர்பாக்ஸைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். வெல்டிங் தெரியாதவரும் ஒரு மாதத்தில் ராடைப் பிடித்துவிடுவார். முதல் இரண்டு வருஷம் இங்கே கழித்துவிட்டு அப்புறம் பாயான் லெப்பாஸுக்கோ பத்து காவானுக்கோ போகிறவரிடம் இன்டர்வியூ செய்பவர் பேசும் தொனியே வேறு.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பினாங்கில் மெஷினையே தயாரிக்கும் ஆட்டோமேஷன் கம்பெனிகள் நிறைய. பென்டாமாஸ்டர், கிரேடெக் மாதிரி பெரியவை இருக்கின்றன. அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் புக்கிட் மின்யாக், ஜூரு பக்கம் தெருவுக்குத் தெரு. அசெம்பிளி டெக்னீசியனாகச் சேர்ந்தால் ஒரு மெஷின் வெறும் சட்டத்திலிருந்து பிறப்பதைப் பார்க்கலாம். டிராயிங் படிக்கும் பழக்கம் தானாக வரும். சில சமயம் வாடிக்கையாளர் நாட்டுக்குப் போய்ப் பொருத்தித் தரவும் அனுப்புவார்கள். சின்னப் பட்டறை என்றால் பேச்சு ஹொக்கியனில் நடக்கும். காதைத் திறந்து வைத்திருந்தால் ஆறு மாதத்தில் பாதி புரிந்துவிடும்.

கையில் காகிதம்: எஸ்.கே.எம்.

திறமை இருந்தால் போதும், சர்டிபிகேட் எதற்கு என்று சில அண்ணன்மார் சொல்வார்கள். அவர்கள் சேர்ந்த காலம் அப்படி. இப்போது மனுவை முதலில் பார்ப்பது எச்.ஆர். அவருக்கு உங்கள் கை தெரியாது, காகிதம்தான் தெரியும்.

தேவையான காகிதம் சிஜில் கெமாஹிரான் மலேசியா, சுருக்கமாக எஸ்.கே.எம். மூன்று நிலை. அதற்கு மேல் நான்காவது நிலை டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. டெக்னீசியன் வேலைக்கு மூன்றாம் நிலையைக் குறிவையுங்கள். இரண்டோடு நிறுத்தினால் உதவியாளர் பட்டியலில் போட்டுவிடுவார்கள்.

படிக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. மனிதவள அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் கெப்பாலா பத்தாஸிலும் நிபோங் திபாலிலும் உண்டு. நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரிலேயே ஒரு கழகம் இருக்கிறது. இந்தக் கழகங்களின் பலகையில் அட்டெக் என்று பெயர் மாறினாலும் ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் பழைய பெயரான ஐ.எல்.பி.தான். புக்கிட் மின்யாக்கில் ஜப்பான்-மலேசியா தொழில்நுட்பக் கழகம், பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பாலிடெக்னிக், பாயான் லெப்பாஸில் 1989-இல் தொடங்கிய பி.எஸ்.டி.சி. திறன் மையம். அரசாங்கக் கழகங்களில் கட்டணம் மிகக் குறைவு, விடுதியும் உண்டு. மனு யு.பி.டிவெட் இணையத்தளத்தில். படிப்பின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: இன்டஸ்ட்ரியல் மெக்கானிக், மெக்கட்ரானிக்ஸ், இல்லையென்றால் மெயின்டனன்ஸ் என்று வருகிற எதுவும் சரி. வாகன மெக்கானிக் வேறு பாதை. அதை எடுத்துவிட்டு ஃபேக்டரிக்கு வருபவர்கள் மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

என்னைக் கேட்டால் மெக்கட்ரானிக்ஸ் என்பேன். மெக்கானிக்கலோடு சென்சார், நியூமேட்டிக் (காற்றழுத்தத்தில் இயங்குவது), பி.எல்.சி. (மெஷினை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்து வரும். இன்றைய மெஷினில் சிலிண்டர் நகரவில்லை என்றால் கோளாறு காற்றிலா, வால்விலா, சென்சாரிலா என்று தெரிய மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

தனியார் மையத்தில் சேருவதாக இருந்தால், குறிப்பாக ‘இந்திய இளைஞர்களுக்கு இலவசப் பயிற்சி’ என்று வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்பு என்றால், ஒரே கேள்வி கேளுங்கள்: முடித்தால் கிடைப்பது எஸ்.கே.எம்.தானா, மையத்தின் சொந்தச் சர்டிபிகேட்டா? இந்தியர் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவின் நிதியில் நல்ல பயிற்சிகளும் நடக்கின்றன. ஆனால் மையத்தின் அங்கீகாரத்தைத் திறன் மேம்பாட்டுத் துறையில் சரிபார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். பணம் கடனாக வேண்டுமென்றால் பி.டி.பி.கே. என்ற அரசாங்கத் திறன் பயிற்சி நிதி இருக்கிறது. கடன் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும்.

வகுப்பில் உட்கார முடியாதவர்களுக்கு எஸ்.எல்.டி.என். என்ற பயிற்சித் திட்டம் இருக்கிறது. முக்கால்வாசிக் காலம் கம்பெனியில் வேலை, மீதி மையத்தில் பாடம். 2005 முதல் நடக்கிறது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு பி.பி.டி. என்ற வழி: செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீடு முடித்து, எஸ்.கே.எம். வாங்கலாம். இதைப் பற்றிக் கடைசியில் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

இன்டர்வியூவுக்கு முன் கை பழக வேண்டியவை

நல்ல கம்பெனியில் எச்.ஆர். பேசி முடித்ததும் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் வந்து ஷாப்புக்கு அழைத்துப் போவார். மேஜை மேல் ஒரு பேரிங்கை வைத்து, “இது என்ன, தம்பி?” என்பார். பேரிங் என்று சொன்னால் சிரிப்பார்.

அதன் ஓரத்தில் நம்பர் பொறித்திருக்கும். 6205 என்று வைத்துக்கொள்வோம். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம்: 25 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 52, அகலம் 15. 6204 என்றால் உள்ளே 20. ஆனால் 00, 01, 02, 03 நான்குக்கும் இந்தக் கணக்கு ஓடாது. அவை முறையே 10, 12, 15, 17. நம்பருக்குப் பின்னால் இசட்.இசட். என்று இருந்தால் இரண்டு பக்கமும் உலோக மூடி, 2ஆர்.எஸ். என்றால் ரப்பர் சீல். சி3 என்றால் உள்ளே இடைவெளி கொஞ்சம் கூடுதல், சூடாகும் மோட்டாருக்குப் பெரும்பாலும் அதைத்தான் போடுவார்கள். இவ்வளவையும் வெர்னியரைக் கையில் எடுக்காமலே சொல்லிவிட்டால் இன்டர்வியூவில் பாதி முடிந்தது.

அடுத்த கேள்வி, ஷாஃப்டில் எப்படி ஏற்றுவாய்? இறுக்கமாக உட்காருவது ஷாஃப்டில் என்றால் தள்ளுவிசை உள்வளையத்தில் மட்டும் விழ வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் அந்த அடி குண்டு வழியாகப் போய்ப் பாதையில் பள்ளம் விழுத்தும். ஓட்டிப் பார்த்தால் அன்றைக்குச் சத்தம் வராது, சில வாரத்தில் வரும். பெரிய பேரிங் என்றால் இண்டக்‌ஷன் ஹீட்டரில் சுமார் 110 டிகிரி வரை சூடாக்கினால் வழுக்கிக்கொண்டு உட்காரும். கேஸ் டார்ச்சால் சூடு காட்டுகிறேன் என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

கப்ளிங் அலைன்மென்டை எல்லோரும் டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு முன் மோட்டாரின் நான்கு காலும் தரையில் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. ஒரு கால் போல்ட்டை மட்டும் தளர்த்துங்கள். டயல் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பினால் அந்தக் காலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வேண்டும். மறுபடி இறுக்கிவிட்டு அடுத்த கால். இதைச் செய்யாமல் அலைன்மென்ட் பார்த்தால் இறுக்க இறுக்க அளவு ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் மத்தியானம் வரை குனிந்தே இருப்பீர்கள். வி-பெல்ட் மூன்று ஓடும் இடத்தில் ஒன்று அறுந்தால் மூன்றையும் சேர்த்து மாற்றுவது, கிரீஸை அளவோடு அடிப்பது (கூடினாலும் பேரிங் சூடாகும்), மில்லிமீட்டர் போல்ட்டையும் அங்குல போல்ட்டையும் பார்த்ததும் பிரிப்பது எல்லாம் இதே பட்டியலில் வரும். இங்கே ஜப்பான், ஜெர்மன் மெஷினும் அமெரிக்க மெஷினும் ஒரே கூரையின் கீழ் நிற்கும். எல்-கீ இரண்டு செட்டும் உங்கள் பையில் இருக்கட்டும்.

லாக்-அவுட் டேக்-அவுட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெஷினுக்குள் கை போவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வைக்க வேண்டும். அதோடு முடியவில்லை. காற்றழுத்தத்தை வெளியே விட வேண்டும், மேலே தூக்கி நிற்கும் பாகத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், கடைசியாக ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்து மெஷின் அசையவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். கடைசிப் படியைத்தான் அதிகம் பேர் விடுகிறார்கள். தப்பான மெஷினின் சுவிட்சை அணைத்திருந்தால் அந்தப் படியில்தான் தெரியவரும். புரொடக்‌ஷன்காரர், “ரெண்டு நிமிஷ வேலைதானே அண்ணே, பூட்டெல்லாம் எதுக்கு?” என்று அவசரப்படுத்துவார். அவர் விரல் பத்தும் பத்திரமாக இருக்கும், உங்களுடையதைப் பாருங்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பும் இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை இப்போது தொழிலாளிக்கு உண்டு.

எங்கே, எப்படித் தேடுவது

இந்த வேலைக்கு வெளிநாட்டில் இருக்கும் பெயரான மில்ரைட் என்று தேடினால் கனடா வேலைகள்தான் வரும். இங்கே மெயின்டனன்ஸ் டெக்னீசியன், ஈக்விப்மென்ட் டெக்னீசியன், ஃபெசிலிட்டி டெக்னீசியன், பிட்டர், மலாயில் ஜுருதெக்னிக் பெஞெலெங்காராஆன் என்று தேடுங்கள். ஃபெசிலிட்டி என்றால் பெரும்பாலும் சில்லர், கம்ப்ரசர், தண்ணீர், ஏர்கண்டிஷன் பக்கம். அதுவும் நல்ல துறை, பலர் கவனிப்பதில்லை.

சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ், ஜாப்ஸ்ட்ரீட், கம்பெனியின் சொந்தத் தளம் மூன்றிலும் பதிவு செய்யுங்கள். வாக்-இன் இன்டர்வியூ என்று ஆட்டோசிட்டி பக்கமோ பேரங்காடியிலோ பேனர் தொங்கினால் எஸ்.கே.எம்., ஐ.சி. (அடையாள அட்டை) நகல், லைசென்ஸ் நகல் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.

ரெஸ்யூமே ஒரு பக்கம் போதும். ‘கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்பவர்’ என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்குப் பதில் எந்த மெஷின், எந்தப் பாகம், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ‘பயிற்சியில் 5.5 கிலோவாட் மோட்டாரும் பம்ப்பும் டயல் கேஜால் அலைன் செய்தேன்’ என்ற ஒரு வரி பத்து வரிக்குச் சமம். அனுபவம் இல்லையே என்பவர்கள் பயிற்சிக் காலத்தில் செய்த வேலையை எழுதலாம். அப்பாவோடு புல்வெட்டும் மெஷின் கழற்றியதைக்கூட எழுதலாம், கேட்டால் விளக்கத் தெரிந்திருந்தால்.

பெண்களுக்கும் இந்த வேலை உண்டு. கிளீன் ரூம் ஈக்விப்மென்ட் பக்கம் பெண் டெக்னீசியன்களைத் தாராளமாகப் பார்க்கலாம். கனரகப் பக்கம் இன்னும் குறைவுதான்.

ஆஃபர் லெட்டரை எப்படிப் படிப்பது

பக்கத்து வீட்டு அண்ணன் மூவாயிரம் எடுக்கிறார் என்றால் அது அடிப்படைச் சம்பளமா, ஓ.டி. (கூடுதல் நேர வேலைக்கான சம்பளம்) சேர்ந்ததா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேர்ந்ததாக இருக்கும்.

குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட், 2025 முதல். எஸ்.கே.எம். மூன்று கையில் இருந்தும் அதை ஒட்டியே கொடுக்கிறேன் என்றால் பேசிப் பாருங்கள், பேசியும் நகரவில்லை என்றால் அடுத்த கதவைத் தட்டுங்கள். ஓ.டி. கணக்கு எளிது: அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள், அதை 8-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரம். அடிப்படை 2,080 என்றால் நாளுக்கு 80, மணிக்கு 10. சாதாரண நாள் ஓ.டி. ஒன்றரை மடங்கு, ஆக மணிக்கு 15. ஓய்வு நாளில் வேலை நேரத்தைத் தாண்டினால் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் தாண்டினால் மூன்று. அலவன்ஸ் நிறைய, அடிப்படை கம்மி என்று லெட்டர் வந்தால் இந்தக் கணக்கு எல்லாமே சுருங்கிவிடும். அதனால்தான் அடிப்படையைப் பார்க்கச் சொல்கிறேன். 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சட்டப்படி சாதாரண வேலை நேரம். ஓ.டி. மாதத்துக்கு 104 மணியைத் தாண்டக் கூடாது. தாண்டுகிற அளவுக்குக் கேட்கிற இடத்தில் ஆள் நிற்கவில்லை என்று அர்த்தம்.

ஈ.பி.எஃப். என்ற சேமநிதிக்கு உங்களிடம் 11 சதவீதம் பிடிப்பார்கள். 5,000 ரிங்கிட் வரை சம்பளம் என்றால் முதலாளி 13 சதவீதம் போட வேண்டும். சொக்சோவும் பிடித்திருக்க வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுக்கிறேன், ஈ.பி.எஃப். வேண்டாம் என்று ஒரு சின்னக் கான்ட்ராக்டர் சொன்னால் வேண்டாம் என்றே நீங்களும் சொல்லுங்கள். மெஷினில் கை மாட்டினால் அன்றைக்குத் தெரியும் சொக்சோவின் அருமை.

நேரடி வேலையா, கான்ட்ராக்டர் வழியாகவா என்பதையும் பாருங்கள். கான்ட்ராக்டர் வழி என்றால் ஒரே ஷிப்டில், ஒரே மெஷினுக்கு, பக்கத்தில் நிற்பவரைவிட போனஸ் குறைவாக வாங்குவீர்கள். தொடக்கத்துக்குச் சரி. எப்போது நேரடியாக எடுப்பீர்கள் என்று எழுத்தில் கேட்டு வையுங்கள்.

விடுமுறை விஷயம் ஒன்று. லைன் நின்றால்தான் பெரிய பழுது பார்க்க முடியும். லைன் நிற்பது சீனப் புத்தாண்டிலும் ஹரிராயாவிலும். அந்த நாட்களில் மெயின்டனன்ஸ் பிரிவுக்கு ஷட்டவுன் வேலை, நல்ல ஓ.டி. நம்மவர்களுக்கு இது ஒருவகையில் வசதி: அவர்கள் பெருநாளில் நாம் நின்றால் தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் லீவு கேட்கும்போது பேச வாய் இருக்கும். தைப்பூசம் பினாங்கில் பொது விடுமுறைதான், ஆனால் மெஷினுக்கு ஷிப்ட் உண்டு. பட்டியலை ஜனவரியிலேயே பார்த்துவிடுங்கள்.

போக்குவரத்து

கரைப்பக்கம் வீடு என்றால் கரைப்பக்கமே வேலை தேடுங்கள். காலையில் முதல் பாலத்தில் நிற்பது ஒரு ஷிப்ட் வேலைக்குச் சமம். மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் இரண்டு பாலத்திலும் டோல் இல்லை, ஆனால் 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலத்தில் மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது டோல் ஞாபகத்துக்கே வராது. கம்பெனி பஸ் உண்டா, உங்கள் தாமானுக்கு வருமா என்று இன்டர்வியூவிலேயே கேட்டுவிடலாம். கேட்டதற்காக யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இரண்டாவது டிக்கெட்

ஒரு வருஷம் ஓடியதும் அடுத்த லைசென்ஸைப் பற்றி யோசியுங்கள். சம்பளத்தை உண்மையில் நகர்த்துவது இதுதான். எரிசக்தி ஆணையம் தரும் சார்ஜ்மேன் சான்று முதலிடம். சட்டப்படி அந்த ஆள் இல்லாமல் பல ஃபேக்டரிகள் மின் அமைப்பை ஓட்டவே முடியாது, அதனால் அவரை எளிதில் விட மாட்டார்கள். குறைந்த மின்னழுத்தத்துக்கான ஏ-0 இலிருந்து தொடங்கி மேலே போகலாம். செம்பனை ஆலை, உணவு ஆலை, ரப்பர் கையுறை பக்கம் போவதாக இருந்தால் பாய்லர்மேன் சான்று. டேங்க் மாதிரி அடைபட்ட இடத்துக்குள் வேலை செய்ய நியோஷ் (வேலையிடப் பாதுகாப்புக் கழகம்) பயிற்சி, கட்டுமான இடத்தில் மெஷின் நிறுவப் போக சி.ஐ.டி.பி. (கட்டுமானத் துறை வாரியம்) தரும் பச்சை அட்டை. ஃபோர்க்லிஃப்ட் தெரிந்தால் கூடுதல், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்டோருக்குள் மாட்டிக்கொள்ளாதீர்கள். செலவைக் கம்பெனி ஏற்குமா என்று கேளுங்கள். பெரிய கம்பெனிகள் ஊழியர் பயிற்சிக்கான அரசாங்க அமைப்பான எச்.ஆர்.டி. கார்ப்புக்கு லெவி கட்டுகின்றன, பயிற்சிக்கு அந்தப் பணம் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வர நினைப்பவர்களுக்கு

இதைப் படிப்பவர்களில் சிலர் திருச்சியிலோ ராமநாதபுரத்திலோ இருக்கலாம். சுருக்கமாகச் சொல்கிறேன்: டூரிஸ்ட் பாஸில் வந்து வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜெண்ட் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தப் பாஸில் வேலை செய்வதே குற்றம், பிடிபட்டால் தடுப்புக்காவல். இந்தியாவின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டா என்று பாருங்கள். வேலை பாஸ் எந்தக் கம்பெனி பெயரில் இருக்கிறதோ அங்கே மட்டும்தான் வேலை செய்யலாம். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது மலேசியாவில் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி தவறு.

சேர்ந்த முதல் நாளிலிருந்து ஒரு நோட்டு

பி.பி.டி. வழியாக எஸ்.கே.எம். வாங்க ஆதாரம் வேண்டும் என்று முன்னால் சொன்னேன். ஐந்து வருஷம் வேலை செய்துவிட்டு, என்ன செய்தேன் என்று நினைவிலிருந்து எழுத உட்காருபவர்கள் திணறிப்போகிறார்கள். சட்டைப் பையில் அடங்கும் நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, மெஷின் நம்பர், என்ன கோளாறு, என்ன காரணம், எந்தப் பாகம் மாற்றினீர்கள், எவ்வளவு நேரம் ஆனது: ஒரு கோளாறுக்கு நான்கு வரி. போனில் படம் எடுத்துக்கொள்ளலாமே என்றால், பல ஃபேக்டரிகளில் கேட்டிலேயே கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். உள்ளே படம் எடுத்தால் வேலை போகும். படம் அவசியம் என்றால் சூப்பர்வைசரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, வாடிக்கையாளர் பெயரோ டிராயிங்கோ தெரியாமல் பாகத்தை மட்டும் எடுங்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டை அவரிடம் நீட்டி ஒரு கையெழுத்து. சிலர் முதல் தடவை முறைப்பார்கள், அப்புறம் அவர்களே பேனாவை எடுப்பார்கள். வேலை மாறும்போது பழைய கம்பெனியில் யாரைத் தேடிக் கையெழுத்து வாங்குவது என்ற அலைச்சலும் இருக்காது.